டிசைனர் மாறினால் பழைய கோட் என்ன ஆகும்? ஸென்யாவோடு என் நீண்டகால அனுபவம்

2025-இல் ஆண்களுக்கான உயர்தர ஆடை நிறுவனங்களில் ஆள் மாற்றம் அலை அலையாக நடந்தது. ஜனவரியில் ஆண்கள் டிசைனர் கிம் ஜோன்ஸ் டியோரை விட்டு விலகினார். ஜூனில் அந்த இடத்துக்கு வந்த ஜொனாதன் ஆண்டர்சன் தன் முதல் ஆண்கள் தொகுப்பைக் காட்டினார். அக்டோபரில் எர்மேஸ் பக்கமிருந்து சேதி வந்தது: 1988 முதல் ஆண்கள் பிரிவைப் பார்த்துவந்த வெரோனிக் நிஷானியன் விடைபெறுகிறார், கிரேஸ் வேல்ஸ் பானர் பொறுப்பேற்கிறார். அதிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் இருக்கும் நம்மவர்கள் சிலர் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள். இப்போதே வாங்கி வைத்துக்கொள்வதா, புது ஆள் வரட்டும் என்று பொறுப்பதா?

டியோரும் எர்மேஸும் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இப்படி ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் உடைகளை வாங்கி, வேலைக்கும் கல்யாணத்துக்கும் மாறி மாறிப் போட்டு வருகிறேன். அது இத்தாலியின் ஸென்யா. 2016 தொடக்கத்தில் அதன் தலைமை டிசைனர் ஸ்டெஃபானோ பிலாத்தி போனார், அந்த ஆண்டு நடுவில் அலெஸாண்ட்ரோ சர்தோரி வந்தார். இன்றுவரை அவர்தான் இருக்கிறார். ஒரு டிசைனரின் வேலையை ஒரு தொகுப்பை வைத்து எடைபோட முடியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகு முடியும்.

முதலில் பிலாத்தி காலத்தைச் சொல்ல வேண்டும். வேலை விஷயமாக மிலான் போனபோது தள்ளுபடியில் வாங்கிய கருநீல சூட் ஒன்று என்னிடம் இருக்கிறது. கம்பளியும் மொஹேரும் (அங்கோரா ஆட்டு முடி) கலந்த துணி. தோள் கச்சிதம், இடுப்பு ஒட்டிய வெட்டு, பேன்ட் குறுகல். ஈவ் செயின் லோரான் ஆடை நிறுவனத்திலிருந்து வந்தவர் பிலாத்தி, கோடுகளில் கூர்மை இருக்கும். 'உடைத்த சூட்' என்று அவர் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். கோட்டும் பேன்டும் ஒரே துணியாக இருக்க வேண்டியதில்லை, ஒன்றுக்கொன்று பொருந்தினால் போதும் என்பது அது. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சர்தோரி வந்தபின் என் அலமாரியைக் காப்பாற்றியதே அந்த யோசனைதான்.

சர்தோரி வெளியாள் இல்லை. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பியெல்லா பக்கத்துக்காரர். 1910-இல் ஸென்யா ஆலை தொடங்கிய த்ரிவேரோவும் அதே பகுதிதான். 2003 முதல் 2011 வரை ஸென்யாவின் இளைஞர் பிரிவான ஸீ ஸென்யாவை நடத்தினார், அப்புறம் பெர்லூத்தி என்ற நிறுவனத்துக்குப் போனார், 2016-இல் திரும்பி வந்தார். 2017 ஜனவரியில் மிலானின் ஹாங்கர் பிகோக்கா கலைக்கூடத்தில், ஜெர்மன் கலைஞர் ஆன்செல்ம் கீஃபரின் பிரம்மாண்டமான கோபுரங்களுக்கு நடுவே முதல் காட்சி வைத்தார். மேடை பிரமாதம். ஆனால் உடுத்துகிறவனுக்கு மேடையால் என்ன பயன்? நான் கவனித்தது துணியை. துணியில் அவர் கை வைக்கவில்லை. ஆலை அதே ஆலை, நூல் அதே நூல். மாறியது வெட்டு மட்டும்.

இந்தத் துணி விஷயத்தில் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்குக் கூடுதல் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். உலகத்தின் மொஹேரில் ஏறக்குறைய பாதி இந்த நாட்டிலிருந்துதான் போகிறது. கிழக்கு கேப்பில், காரூ வறண்ட நிலத்தில் மேயும் அங்கோரா ஆடுகளின் முடி அது. வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். துருக்கியிலிருந்து அந்த ஆடுகள் முதலில் இங்கே வந்தது 1838-இல். கிடாக்களையெல்லாம் மலடாக்கித்தான் அனுப்பினார்களாம். கூட வந்த ஒரே பெட்டை சினையாக இருந்து ஒரு கிடாக்குட்டி போட்டதால் இனம் தப்பியது என்று சொல்வார்கள். நல்ல மொஹேர் கொடுக்கும் பண்ணைக்காரர்களுக்கு ஸென்யா 1970 முதலே இங்கே கோப்பை கொடுத்து வந்திருக்கிறது. டிசைனர்கள் வருவார்கள் போவார்கள், பண்ணையோடு உள்ள அந்த உறவு அதைவிடப் பழையது. 2018-இல் இங்குள்ள சில பண்ணைகளில் ஆடுகளை வதைக்கும் வீடியோக்கள் வெளிவந்து பல பெரிய கடைகள் மொஹேரையே நிறுத்தின. அது நடந்திருக்கவே கூடாத கொடுமை. 2020-இல் பொறுப்பான மொஹேருக்கான தரச்சான்று வந்தது. இப்போது மொஹேர் வாங்கும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று நான் கேட்டுத்தான் வாங்குகிறேன், நீங்களும் கேளுங்கள்.

போட்டுப் பார்த்தால் மொஹேரின் குணம் உடனே தெரியும். இழை வழவழப்பாக இருப்பதால் கசங்காது, லேசாக மினுங்கும், தோலில் ஒட்டாமல் விலகி நிற்கும். டர்பனில் பிப்ரவரியில் கல்யாணம் என்றால் மண்டபத்துக்குள் போவதற்குள் சட்டை நனைந்துவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கல்யாணத்தில் காலை முகூர்த்தத்திலிருந்து மதியம் காய்கறி பிரியாணி முடியும்வரை அந்தக் கருநீலக் கோட்டோடே இருந்தேன். பக்கத்தில் பாலியெஸ்டர் கலந்த கோட் போட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்கள். ஜோஹன்னஸ்பர்க் ஜூலைக் குளிருக்கு அதே கோட் போதாது, உள்ளே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும்.

சரி, சர்தோரி என்ன மாற்றினார்? தோளை இறக்கினார். கோட்டுக்கு உருவம் தரும் உள் கான்வாஸை மெலிதாக்கினார். பேன்டில் இடுப்புக்குக் கீழே ப்ளீட் (மடிப்பு) திரும்பி வந்தது, தொடையில் தாராளம், சிலவற்றில் இடுப்பில் நாடா. டை கிட்டத்தட்டக் காணாமல் போனது. கோட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் நிற்கிற ஓவர்ஷர்ட்தான் இப்போது அவருடைய அடையாளம். ஷூவில் குறுக்காக மூன்று எலாஸ்டிக் பட்டி வைத்த 'ட்ரிப்பிள் ஸ்டிச்', லேஸ் கட்ட வேண்டாம், காலை நுழைத்தால் போதும். 2021 கடைசியில் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. அதே சமயத்தில் அதுவரை தனித்தனியாக இருந்த மூன்று பிரிவுப் பெயர்களையும் ஒன்றாக்கி 'ஸென்யா' என்று மட்டும் போட ஆரம்பித்தார்கள். என் பழைய கோட்டின் உள்ளே எர்மெனெஜில்டோ என்று முழுப்பெயர் இருக்கிறது, புதிய பேன்டில் இல்லை. அது எனக்குப் பொருட்டில்லை.

பொருட்டானது வேறு. பிலாத்தி காலக் கோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், சர்தோரியின் சாம்பல் நிற ப்ளீட் பேன்டோடு போட்டுப் பார்த்தேன். சேர்ந்தது. கோட் இறுக்கம், பேன்ட் தளர்வு, ஆனால் இரண்டு துணியின் எடையும் விழும் விதமும் ஒரே குடும்பம். பிலாத்தியின் குறுகல் பேன்டை சர்தோரியின் தளர்ந்த கோட்டோடு போட்டால் சேராது, மேலே கனமும் கீழே குச்சியுமாகத் தெரியும். ஆக பழைய கோட் புதிய பேன்டோடு வாழ்கிறது, பழைய பேன்ட் புதிய கோட்டோடு வாழவில்லை. அந்தக் குறுகல் பேன்டை நான் ஒதுக்கவும் இல்லை. டர்பனில் எங்கள் குடும்பத்துக்குத் தைக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். இந்த ஊர் ஆடைத் தொழிற்சாலைகள் 1990-களில் இறக்குமதியால் ஒவ்வொன்றாக மூடும் முன்பு அவற்றில் கட்டிங் மேஜையில் நின்றவர். அவர் பேன்டை உள்பக்கம் திருப்பி, பின் தையலை விரலால் தடவினார்.

"தம்பி, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கான் பாரு. பிரிச்சு விட்டா இடுப்பும் வரும், தொடையும் கொஞ்சம் வரும். புதுசு எதுக்கு?"

பிரித்து விட்டார். இப்போது அந்த சூட் முழுசாகவே போடக்கூடியதாக இருக்கிறது. உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பதுதான் விலை உயர்ந்த உடைக்கும் மலிவான உடைக்கும் உள்ள முதல் வித்தியாசம். சர்தோரி பேன்டிலும் அதே அளவு விட்டிருந்தது, மாமாவே காட்டினார்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சர்தோரி ஒரே நிறத்தின் அடுக்குகளில் வேலை செய்கிறவர்: களிமண், கடுகு, மரப்பட்டை, காய்ந்த புல். வெள்ளைக்கார மாடல்மேல் அவை வெளிறிப் போகும் என்பது என் அபிப்பிராயம். நம் கறுத்த தோலில் அவை உயிர் பெறுகின்றன. கடுகு நிற ஓவர்ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனபோது, வழக்கமாக உடை பற்றிப் பேசாத பெரியவர்கள்கூடத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்கள். நம்மவர்கள் கருநீலமும் கறுப்பும் தாண்டி வர இது நல்ல வழி.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. முறையான சூட் வேண்டுமென்று போகிறவருக்கு இப்போது தேர்வு சுருங்கிவிட்டது, கண்ணில் படுவதெல்லாம் ஓவர்ஷர்ட்டும் பின்னல் உடையும்தான். என்னைப் போலக் குட்டையானவர்களுக்கு அந்த இறங்கிய தோளும் அகலப் பேன்டும் சேர்ந்தால் உயரத்தைத் தின்றுவிடும்; இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். விலையும் ஏறியிருக்கிறது, கூடவே நம் நாணயமான ராண்ட் விழுந்தது. 2015-இல் டாலருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ராண்ட், 2024-இல் பதினெட்டைத் தாண்டியது. அதனால் முழு சூட் வாங்குவதை விட்டுவிட்டேன்; பேன்ட் மட்டும், ஓவர்ஷர்ட் மட்டும், அதுவும் சீசன் முடிவுத் தள்ளுபடியில்.

டர்பன்காரர்களுக்குப் பராமரிப்பு பற்றி: கம்பளியை மூடிய அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு மாட்டாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். துணி உறை போதும். போட்டுக் கழற்றியதும் பிரஷ் பண்ணி, இரண்டு நாள் காற்றில் விடுங்கள். டிரை கிளீன் அடிக்கடி வேண்டாம், கறை பட்டால் மட்டும்.

ஸென்யாவில் மாற்றம் சுமுகமாக நடந்ததற்குக் காரணம் சர்தோரி உள்ளே வளர்ந்தவர் என்பது என் எண்ணம். இதற்கு எதிர்முனையும் உண்டு. அதே 2016-இல் ரோமின் பிரியோனியில் நடந்ததைப் பாருங்கள். 1945-இல் தொடங்கிய தையல் நிறுவனம் அது. மார்ச்சில் ஜஸ்டின் ஓஷே வந்தார். துணிக்கடைகளுக்குச் சரக்கு எடுத்துத் தரும் வேலையில் பெயர் வாங்கியவர், டிசைனர் அல்ல. விளம்பரத்துக்கு மெட்டாலிகா இசைக்குழுவைக் கூப்பிட்டார், லோகோவை மாற்றினார், அக்டோபருக்குள் வெளியேறினார். அந்த ஆறு மாதத்தில் புதிதாக வாங்கியவருக்கு அடுத்த சீசனில் சேர்த்துப் போட எதுவும் கிடைத்திருக்காது. 2018-இல் நோர்பர்ட் ஸ்டும்ப்ஃபல் வந்து சத்தமில்லாமல் துணிக்கும் தையலுக்கும் திரும்பினார், நிறுவனம் நிலைபெற்றது.

ஆகவே எர்மேஸ், டியோர் பற்றிக் கேட்டவர்களுக்கு: புது டிசைனரின் முதல் தொகுப்பை வாங்காதீர்கள். முதல் தொகுப்பு பத்திரிகைக்காரர்களுக்குப் பேசும். இரண்டாவது குளிர்காலத் தொகுப்பு வரட்டும், அதற்குள் கடையில் எது நிலைத்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். போகும்போது உங்கள் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டே போங்கள், புது பேன்டை அதோடு மாட்டிப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வெட்டு பிடிக்காவிட்டாலும் துணி பழையபடியே இருந்தால் பேன்டை எடுங்கள், கோட்டுக்கு இன்னொரு வருடம் காத்திருங்கள். துணியே மாறியிருந்தால் கையில் இருப்பதை மாமா மாதிரி ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.