தோள்பட்டை இறுகினால்: பிறர் கையா, கப்பியா, கம்பா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கை தூக்க முடியாமல் தவிப்பவர்களில் கரைவலை இழுத்தவர்களும் உண்டு, பாசி எடுக்கும் பெண்களும் உண்டு, கடலுக்கே போகாத சர்க்கரைக்காரர்களும் உண்டு. சர்க்கரை இருந்தால் தோள் இறுகும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் பிடிக்கும். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வருவது இது. முதலில் வலி, பிறகு இறுக்கம், அப்புறம் மெல்ல இளக்கம் என்று 1 முதல் 3 ஆண்டுகூட இழுத்துவிடும்.

"தைலம் போட்டு ஒரு இழு இழுத்தா விட்டுரும்க்கா" என்பார்கள். தயவுசெய்து தோளைக் கொடுக்காதீர்கள். புண்பட்டிருக்கும் உறையை வெடுக்கென்று இழுத்தால் வலி கூடும். வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் இறுக்கமும் கூடும். பக்கவாதத்தில் கை தானாக எழும்பாதவருக்குப் பிறர் கை வேண்டும்தான். அதுவும் பிசியோதெரபிஸ்ட்டிடம் முறையாகக் கற்றுக்கொண்ட கையாக, மெதுவாக அசைக்கும் கையாக இருக்கட்டும்.

கப்பி கட்டுவது நம் ஊரில் பெரிய வேலையில்லை. உத்தரத்தில் மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்தால் இறுகிய கை மேலே போகும். ஆனால் பலருக்கும் மூட்டு திறப்பதில்லை. தோள்பட்டை மொத்தமும் காதருகே ஏறிக்கொள்கிறது, கை உயர்ந்ததுபோல் தெரிகிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து செய்தால் இது பிடிபடும். பக்கவாதம் வந்த தோளுக்குக் கப்பி வேண்டவே வேண்டாம். 1990-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கப்பி இழுத்தவர்களுக்குத்தான் தோள்வலி மிக அதிகமாக வந்தது.

என் ஓட்டு கம்புக்கு. இறுகும் தோள் முதலில் இழப்பது கையை உயர்த்துவதை அல்ல, வெளிப்பக்கம் திருப்புவதை. கொண்டை போட முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். கப்பி அந்தத் திருப்பத்தைத் தொடுவதே இல்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் பாயில் மல்லாந்து படுங்கள். முழங்கையை 90 பாகையில் மடக்கி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். இரு கையிலும் கம்பைப் பிடித்து, நல்ல கையால் இறுகிய கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். துண்டு நழுவினால் முழங்கை விலகுகிறது, தோள் ஏமாற்றுகிறது என்று அர்த்தம். இழுவை தெரியும் இடத்தில் 15 முதல் 30 விநாடி நிறுத்துங்கள். சுரீரென்றால் அதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள். ஐந்தாறு தடவை, நாளுக்கு இரண்டு வேளை போதும். மறுநாள் காலையிலும் வலி கூடியிருந்தால் தள்ளும் தூரத்தைக் குறையுங்கள். கம்பு இல்லையென்றால் பிவிசி குழாய்த் துண்டுகூடப் போதும்.

ராத்தூக்கமே கெடும் அளவுக்கு வலிக்கும் காலத்தில் கம்பும் வேண்டாம். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைத் தொங்கவிட்டு உடம்பை ஆட்டினால் போதும்.

கடலில் கழுத்தளவு நின்று கை அசைப்பதும் நல்லதே, தண்ணீரே கையைத் தாங்கும். வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அமைதியாக இருக்கும் நாளாகப் பார்த்து இறங்குங்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் இறங்கவே கூடாது. சிப்பி கிழித்தாலும் தெரியாது.

இன்னொன்று. பிறர் தூக்கினால் கை முழுசாக மேலே போகிறது, தானாகத் தூக்கினால் போகவில்லை என்றால் அது இறுக்கமாக இருக்காது, தசைநார் கிழிந்திருக்கலாம். படகில் வழுக்கி விழுந்த பிறகு வந்த வலி என்றாலும், அறுவை செய்த தோள் என்றாலும் எலும்பு மருத்துவர் பார்க்கும்வரை கம்பைத் தொடாதீர்கள்.