பாம்பன் கடையில் டெபியன்: இடிசி ஃபைல்களில் கை வைத்த அனுபவம்

பாம்பனில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். 2019-இல் டெபியன் 10 வந்ததிலிருந்து கடை கம்ப்யூட்டர் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் என்ற இலவச லினக்ஸ் சிஸ்டத்தில்தான் ஓடுகிறது. வாடிக்கையாளர் பென்டிரைவில் வரும் வைரஸ் தொல்லை ஒழிந்தது. அதற்காகவே இதை விட மனமில்லை. ஆனால் சில செட்டிங்கை மாற்ற, சிஸ்டத்தின் செட்டிங் ஃபைல்கள் இருக்கும் இடிசி (/etc) ஃபோல்டருக்குள் போய் டெக்ஸ்ட் ஃபைலைத்தான் திருத்த வேண்டும். அங்கே சில ஃபைல்களில் ஒரு வரி தப்பினால் மெஷின் எழுந்திருக்காது.

எனக்கு நடந்தது எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில். மெஷின் எழும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, அதன் அடையாள எண்ணான யூயூஐடியை எழுதி ஒரு வரி சேர்த்தேன். சேர்த்த கையோடு பட்டியலில் உள்ள டிஸ்க்குகளை இணைக்கும் 'மவுண்ட் மைனஸ் ஏ' (mount -a) கமாண்டைக் கொடுத்துப் பார்த்தேன், பிழை ஏதும் வரவில்லை. மாதக்கணக்கில் நன்றாகவே ஓடியது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. உப்புக்காற்று யூஎஸ்பி போர்ட்டை அரித்துவிட்டது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று காலை, வாசலில் பிள்ளைகள் நிற்கும்போது கடைப் பையன் கூப்பிட்டான்: "அண்ணே, எமர்ஜென்சி மோடுன்னு நிக்குதுண்ணே!"

டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, கிடைக்காததால் சிஸ்டம் நின்றுவிட்டது. முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், நானோ என்ற எடிட்டரில் அந்த வரியைச் சிஸ்டம் கண்டுகொள்ளாதபடி அதன் முன்னால் ஒரு ஹேஷ் (#) வைத்து ரீபூட் செய்தேன். அன்று ரூட் பாஸ்வேர்டு நினைவில் இருந்ததால் பிழைத்தேன்.

டிஸ்க் செருகியிருக்கும்போது சோதித்தால் போதாது. அது இல்லாதபோது என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். இப்போது அந்த வரியில் 'நோஃபெயில்' (nofail) இருக்கிறது, டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் எழுந்துவிடும். அந்த ஃபைலில் பிழை இருக்கிறதா என்று பார்க்க 'ஃபைண்ட்மவுண்ட் வெரிஃபை' (findmnt --verify) ஓட்டுகிறேன், டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ரீபூட்டும் செய்கிறேன். நோஃபெயில் போட்ட பிறகும் ஒரு சிக்கல் வந்தது. டிஸ்க் ஏறாத (இணையாத) நாட்களில் பேக்கப் ஸ்கிரிப்ட், டிஸ்க் வந்து இணைய வேண்டிய காலி ஃபோல்டருக்குள்ளேயே எழுதி, உள் டிஸ்க்கை நிரப்பிவிட்டது. அதனால் ஸ்கிரிப்டின் முதல் வேலையே 'மவுண்ட்பாயிண்ட்' கமாண்டால் டிஸ்க் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஏறவில்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

மற்ற ஃபைல்களைத் திருத்த 'சுடோஎடிட்' (sudoedit) கமாண்டைப் பழகிக்கொண்டேன். அது தற்காலிக நகலைத்தான் திறக்கிறது. எடிட்டர் நம் சொந்த அதிகாரத்திலேயே ஓடும், மூடிய பிறகுதான் அசல் ஃபைலில் எழுதப்படும். யார் சுடோ (sudo) மூலம் ரூட் அதிகாரத்தில் கமாண்ட் ஓட்டலாம் என்று சொல்லும் சுடோயர்ஸ் ஃபைலுக்கு மட்டும், சேமிக்கும்முன் பிழை பார்க்கும் 'விசுடோ'வைத் (visudo) தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஒருமுறை பையனுக்கு பிரிண்டர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய அனுமதி கொடுக்கும்போது ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டுவிட்டேன். சேமித்ததும் பிழை இருக்கும் வரியைக் காட்டி, என்ன செய்யட்டும் என்று கேட்டது. இ (e) அழுத்தித் திருத்தினேன். எக்ஸ் கொடுத்தால் மாற்றம் இல்லாமல் வெளியேறலாம். பெரிய க்யூ (Q) மட்டும் வேண்டாம், அது பிழையோடு சேமித்துவிடும். நேராக நானோவில் திறந்திருந்தால் சுடோவே வேலை செய்யாமல் போயிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று வேறொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்து திறந்தே வைத்திருப்பேன்.

திருத்தும் முன் நகல் எடுக்க முதலில் தேதி போட்டு சிபி (cp, காப்பி கமாண்ட்) செய்துகொண்டிருந்தேன், இடிசி முழுக்கப் பழைய ஃபைல் குவிந்தது. இப்போது இடிசிகீப்பர் (etckeeper) என்ற புரோகிராம். இடிசி முழுவதையும் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டில் (git) வைத்து, புரோகிராம்களை நிறுவும் ஆப்ட் (apt) ஓடும்போது தானாகப் பதிவு செய்கிறது. நான் கையால் மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி தமிழில் எழுதி கமிட் (பதிவு) செய்கிறேன்.

பெரிய அப்கிரேடை ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துக்கு ஒதுக்கிவிடுவேன், கடையில் கூட்டம் குறைவு. 2024 தடைக்காலத்தில் டெபியன் 12-க்கு மாறும்போது, நான் திருத்திய ஃபைலை வைக்கவா, புதியதைப் போடவா என்று கேட்டது. அவசரத்தில் புதியதைப் போடும் ஒய்யைத் (Y) தட்டாமல் டி (D) அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். நான் அதைப் படித்துப் பார்த்து, பழையதையே வைத்துக்கொண்டேன்.