வால்டார்ஃப் ஸ்ட்ரைஷ்ஃபெட்டா, பெரிங்கர் சொலினாவா?

வயலின் கூட்டத்தின் ஓசையைத் தரும் மின்னணுக் கருவியான 1970களின் ஸ்ட்ரிங் மெஷினின் ஒலியைக் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியில் வாங்க நினைப்பவர்கள் கடைசியில் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, ஜெர்மனியின் வால்டார்ஃப் 2014இல் வெளியிட்ட ஸ்ட்ரைஷ்ஃபெட். முழுக்க முழுக்க டிஜிட்டல். மற்றொன்று பெரிங்கரின் சொலினா ஸ்ட்ரிங் என்செம்பிள். பழைய சொலினாவின் சர்க்யூட்டை அனலாகாகவே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் கீபோர்டு கிடையாது. வேறொரு கீபோர்டை மிடி (இசைக் கருவிகளை இணைக்கும் பொது முறை) வழியாக இணைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

அனலாக் என்றால் அசல், டிஜிட்டல் என்றால் நகல் என்று பலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கருவி விஷயத்தில் அது அவ்வளவு சுலபமாகச் சரிவராது. அசல் சொலினா எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் காரணம் புரியும்.

சொலினாவைச் செய்தது நெதர்லாந்தின் எமினென்ட் என்ற ஆர்கன் நிறுவனம். அவர்களுடைய எமினென்ட் 310 ஆர்கனில் இருந்த ஸ்ட்ரிங் பகுதியைத் தனியாகப் பிரித்தெடுத்து, 49 கட்டைகளோடு ஒரு கருவியாக்கினார்கள். 1974 முதல் ஏஆர்பி என்ற அமெரிக்க சிந்தசைசர் நிறுவனத்தின் பெயரில் விற்றதால்தான் அது உலகமெங்கும் போனது. உள்ளே இருந்தது ஆர்கன் நுட்பம்தான். உச்ச ஸ்தாயியின் 12 சுரங்களை மட்டும் உருவாக்கி, அவற்றின் அதிர்வெண்ணைப் பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போனால் கீழ் ஸ்தாயிகள் எல்லாம் கிடைத்துவிடும். அதனால் எத்தனை கட்டைகளை அழுத்தினாலும் அத்தனையும் ஒலிக்கும். அந்தக் காலத்து சிந்தசைசர்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் வாசித்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் இப்படி வரும் ஒலி மெலிந்தது, உயிரில்லாதது. அதை வயலின் கூட்டமாக மாற்றியது என்செம்பிள் என்ற மின்சுற்று. ஒலியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பிபிடி சில்லு வழியாகச் சற்றுத் தாமதப்படுத்துவார்கள். பிபிடி என்பது வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான மின்தேக்கிகள். ஒன்று தன் மின்னூட்டத்தை அடுத்ததிடம் கொடுக்க, அது அதற்கடுத்ததிடம் கொடுக்க, ஒலி கொஞ்சம் தாமதமாக மறுமுனைக்கு வந்து சேரும். 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த நுட்பம் இது. அந்த நகர்வின் வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் சுருதி இலேசாக ஏறி இறங்கும். சொலினாவில் இந்த வேகத்தை இரண்டு அலைகள் சேர்ந்து ஆட்டுகின்றன. ஒன்று மெதுவானது, ஒரு சுற்று வர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். இன்னொன்று நொடிக்கு ஏறக்குறைய 6 முறை துடிப்பது. மூன்று தாமதப் பாதைகளும் ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு சுற்று தள்ளி ஆடும். ஒன்றில் சுருதி ஏறும்போது இன்னொன்றில் இறங்கும். காதுக்கு எந்த ஒரு சுருதியும் நிலையாகப் பிடிபடாது. பலர் சேர்ந்து வாசிப்பதாக அது எடுத்துக்கொள்ளும்.

ஸ்ட்ரிங் மெஷினின் உயிர் இந்த அசைவில்தான் இருக்கிறது. எந்தப் பெட்டியை மதிப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பெரிங்கர் இங்கே பலமான நிலையில் இருக்கிறது. அதில் உண்மையான பிபிடி சில்லுகள் உண்டு. அவற்றின் கூடவே வரும் மெல்லிய இரைச்சலும், உச்சத்தில் சற்று மழுங்கிய ஓசையும் சேர்ந்துதான் நமக்குப் பழகிய அந்த நிறத்தைக் கொடுக்கின்றன. வயலின், வயோலா, டிரம்பெட், ஹார்ன், செல்லோ, கான்ட்ராபாஸ் என்று அசலில் இருந்த அதே 6 குரல்கள். ஒலி மெல்ல எழ ஒரு ஸ்லைடர், விட்ட பிறகு நீள இன்னொன்று. இதற்கு மேல் ஒரே ஒரு விஷயத்தைச் சேர்த்திருக்கிறார்கள்: ஒரு ஃபேசர், அதாவது ஒலியை அலை அலையாகச் சுழல வைக்கும் எஃபெக்ட். மிக நல்ல முடிவு அது. 1976இல் பிரெஞ்சு மின்னணு இசைக்கலைஞர் ழான் மிஷெல் ழார் தன் ஆக்ஸிஜென் தொகுப்பில் எமினென்ட் 310ஐ எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் ஸ்மால் ஸ்டோன் ஃபேசர் வழியாக அனுப்பினார். அதன் பிறகு இந்த ஒலியை ஃபேசர் இல்லாமல் நினைத்துப் பார்ப்பதே பலருக்குக் கடினமாகிவிட்டது. பெரிங்கரில் ஸ்ட்ரிங்ஸைப் போட்டு ஃபேசரை மெதுவாக ஓடவிட்டால், வேறு எந்த ஏற்பாடும் இல்லாமல் அந்த உலகத்துக்குள் போய்விடலாம்.

குறை என்ன? அமைத்து வைத்த ஒலியைச் சேமிக்க வழி இல்லை. ஸ்டுடியோவில் இது ஒரு பொருட்டில்லை. மேடையில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஸ்லைடர்களை நகர்த்துவது சிரமம். அப்புறம், அது சொலினாவாக மட்டுமே இருக்கும். அதற்கு வெளியே போக அதனிடம் எதுவும் இல்லை.

ஸ்ட்ரைஷ்ஃபெட் வேறு வழியில் யோசித்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பழைய கருவியை அப்படியே படியெடுக்க அது முயலவில்லை. அதன் முக்கியமான நாப் (திருகு) ரெஜிஸ்ட்ரேஷன். வயலினில் தொடங்கி வயோலா, செல்லோ, பிராஸ், ஆர்கன், கொயர் வரை அது இடைவெளியில்லாமல் நகர்கிறது. செல்லோவுக்கும் பிராஸுக்கும் நடுவில் எங்கோ நிறுத்தினால் கிடைக்கும் ஒலி, பொத்தானை அழுத்திக் குரலைத் தேர்ந்தெடுக்கும் பழைய மெஷின்களில் கிடைக்காது. அனிமேட் என்ற எஃபெக்டைப் போட்டால் இந்த நகர்வு தானாகவே நடக்கும். ஒரு கார்டை, அதாவது பல சுரங்களை ஒன்றாக, பிடித்துக்கொண்டே இருங்கள், ஒலி கையடியிலேயே நிறம் மாறும். என்னைக் கேட்டால், இந்தப் பெட்டியை வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை, 128; மிடியில் இருக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்து அழுத்தினாலும் ஒலிக்கும். பழைய மெஷின்களின் குணத்தை வால்டார்ஃப் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது சாட்சி. என்செம்பிளும் நன்றாக அமைந்திருக்கிறது, அகலமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. அந்தத் தெளிவுதான் என் ஒரே மனக்குறையும். பிபிடியின் கரகரப்பு அதில் இல்லை. தனியாக வாசிக்கும்போது இது தெரியும். டிரம்ஸும் பாஸும் சேர்ந்துவிட்டால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதே என் எண்ணம்.

கூடவே ஒரே நேரத்தில் 8 சுரங்கள் ஒலிக்கும் சோலோ பகுதி ஒன்றும் உண்டு. பாஸ், இ-பியானோ மாதிரியான எளிய ஒலிகள். ஸ்ட்ரிங்ஸுக்கு அடியில் ஒரு முனைப்புக் கொடுக்க உதவும், தனித்து நிற்காது. 12 ஒலிகளைச் சேமிக்கலாம். எண்ணிக்கை குறைவுதான் என்றாலும் ஒரு கச்சேரிக்குப் போதும். மின்சாரம் யுஎஸ்பி வழியாக வருவதால், கணினியோடு இணைத்து இரைச்சல் கேட்டால் தனி சார்ஜருக்கு மாற்றிப் பாருங்கள்.

ரோலண்டின் விபி-03ஐயும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். 1979இல் வந்த விபி-330இன் சிறிய டிஜிட்டல் வடிவம் அது, 2016இல் வந்தது. வோக்கோடரும் (பேச்சைக் கருவியின் ஒலியாக்கும் வசதி) மனிதக் குரலும் வேண்டும் என்பவர்களுக்குச் சரி. ஸ்ட்ரிங்ஸுக்காக மட்டும் வாங்க வேண்டாம். லேப்டாப்பிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்பவர்களுக்கு ஆர்டூரியாவின் சொலினா வி என்ற மென்பொருள் இருக்கிறது.

அந்த ஒரு ஒலிதான் வேண்டும், பதிவுக்கு மட்டும்தான் என்றால் பெரிங்கர். மேடையில் வாசிப்பவர்களும் புதிதாக ஒலி தேடுபவர்களும் ஸ்ட்ரைஷ்ஃபெட்டை வாங்கலாம். ஒன்றே ஒன்று என்றால் நான் எடுப்பதும் அதைத்தான்.

எதை வாங்கினாலும் கடையில் சோதிக்கும்போது ரிவெர்பை (அரங்கின் எதிரொலியைச் சேர்க்கும் எஃபெக்ட்) முழுவதும் அணைத்துவிடுங்கள். ரிவெர்ப் எல்லாக் குறைகளையும் மூடிவிடும். இரண்டு கைகளாலும் அகலமான ஒரு கார்டைப் பிடித்து, என்செம்பிளை ஒருமுறை போட்டும் ஒருமுறை நிறுத்தியும் கேளுங்கள். பிறகு ஸ்பீக்கரை மோனோவுக்கு (இடம் வலம் பிரியாத ஒரே தடம்) மாற்றியும் கேளுங்கள். பல அரங்குகளில் ஒலி மோனோவாகத்தான் வெளியே போகிறது. அங்கே அந்த அசைவு நிற்கிறதா, சுருங்கிவிடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.