500 வரியில் நின்ற கஜலட்சுமி: சிஎன்சி கிட் வாங்குபவர்கள் கவனம்

காட்பாடியில் சின்னதாக மரப்பட்டறை வைத்திருக்கிறேன், வாசக்கால், கதவு வேலைதான் அதிகம். கதவில் கஜலட்சுமி வேண்டும், பிள்ளையார் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக ஒவ்வொரு பலகையையும் வெளியே கொடுத்து வெட்டி வாங்கி அலுத்துப்போய், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் மிஷின் ஒன்றை நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஃப்ரேம், ரெயில், ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூ எல்லாம் ராணிப்பேட்டை லேத் பட்டறையில் சொல்லி வைத்து அருமையாக வந்துவிட்டது. வேலூர்க்காரன் கோட்டை விட்டது கன்ட்ரோலில்.

சென்னையில் கிட் விற்கும் ஒருவர், பெயர் வேண்டாம். 3 நெமா 23 மோட்டார் (படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார்), அவற்றை ஓட்டும் 3 டிரைவர், பவர் சப்ளை, பேரலல் போர்ட்டிலிருந்து (கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டர் சொருகும் ஓட்டை) டிரைவர்களுக்கு வயர் பிரிக்கும் பிரேக்அவுட் போர்டு, கூடவே மிஷினை ஓட்டும் மென்பொருளுக்கு 'ஒரிஜினல் மேக்-3 லைசென்ஸ்', மொத்தம் 27,000 ரூபாய். அதில் லைசென்ஸுக்கு மட்டும் 6,000 என்று கொட்டேஷனில் தனியாகப் போட்டிருந்தார். மேக்-3 லைசென்ஸ் விலை 175 டாலர் என்பதை ஒரு நிமிஷம் தேடிப் பார்த்திருந்தால் அங்கேயே உறைத்திருக்கும், பார்க்கவில்லை.

என்னிடம் லேப்டாப்தான் இருக்கிறது, அதில் பேரலல் போர்ட்டே கிடையாதே என்று கேட்டேன். "அது ஒரு விஷயமே இல்ல சார், யுஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் நான் ஃப்ரீயா தரேன்" என்றார். பாதிப் பணம் கட்டினேன், பெட்டி வந்தது, வயரிங் முடித்தேன், மோட்டார் அசையவே இல்லை. போன் செய்தால் எர்த்தைப் பாருங்க, வயரை மாத்திப் போடுங்க, வேற யுஎஸ்பி ஓட்டையில சொருகிப் பாருங்க என்று இரண்டு வாரம் ஓட்டினார்.

சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தக் கேபிளைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். அது பழைய பிரிண்டருக்கான கேபிள். மேக்-3 பேரலல் போர்ட்டின் பின்களுக்கே நேராக, வினாடிக்கு 25,000 பல்ஸ் (மோட்டாரைப் படிப்படியாக நகர்த்தும் மின் துடிப்பு) என்ற வேகத்தில் அடிக்க வேண்டிய மென்பொருள், நடுவில் இந்தக் கேபிள் வந்தால் ஒன்றும் நடக்காது. அது போதாதென்று, அதன் பேரலல் போர்ட் டிரைவர் மென்பொருள் 32 பிட் விண்டோஸில்தான் ஓடும், என் லேப்டாப்போ 64 பிட். தினமும் இதையே விற்கிற ஆளுக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

சரி, போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கி 32 பிட் விண்டோஸ் 7 போட்டேன். மோட்டார் ஓடியது! வீடியோ காலில் அவரே ஒரு வட்டம் வெட்டச் சொன்னார், வெட்டியது, சந்தோஷத்தில் மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். மறுநாள் வேப்பம்பலகையில் கஜலட்சுமியை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. கரண்ட் பிரச்சினையோ என்று திரும்ப ஓட்டினால் அதே இடத்தில் நின்றது. மிஷின் எங்கே நகர வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் கட்டளைதான் ஜி-கோட். லைசென்ஸ் இல்லாத மேக்-3, அதில் 500 வரிக்கு மேல் ஓடாது. அவர் 6,000 ரூபாய்க்குக் கொடுத்தது யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் டெமோ. ஒரு வட்டத்துக்கு ஜி-கோட் பத்து வரி வருமா? என் கஜலட்சுமி 1,80,000 வரி. கேட்டதற்கு, யாரோ வெளிநாட்டுக்காரர் பெயரில் இருந்த லைசென்ஸ் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எல்லாரும் இதான் சார் யூஸ் பண்றாங்க" என்றார்.

மோட்டார் டிரைவர் கதையும் உண்டு. மேலே டிபி6600 என்ற சிப்பின் பெயரில் ஸ்டிக்கர், மூடியைக் கழற்றினால் உள்ளே வேறு நம்பர் சிப். மே மாதம் தகரக் கொட்டகைக்குள் அது சூடாகி, மோட்டார் நகர வேண்டிய சில ஸ்டெப்பை விட்டுவிட, கஜலட்சுமியின் யானை ஒன்று ஒரு விரல்கடை தள்ளி நின்றது.

இப்போது அதே டெஸ்க்டாப், அதே பிரேக்அவுட் போர்டு, மேக்-3க்குப் பதில் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள். இலவசம், 500 வரி என்ற மாதிரி வரம்பும் கிடையாது. போடும் முன் கம்ப்யூட்டர் எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டும், அதிலுள்ள லேட்டன்சி டெஸ்ட்டை ஓடவிட்டு, பக்கத்தில் வீடியோவும் ஓட்டிப் பாருங்கள், 15,000 நானோ செகண்டுக்குள் நின்றால் கவலையில்லை. லேப்டாப்தான் என்றால் ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டில் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் போதும். அங்கே பல்ஸ் அடிப்பது ஆர்டுயினோ, லேப்டாப் வரிகளை அனுப்பினால் சரி, அதனால்தான் யுஎஸ்பி ஒத்துவருகிறது. வினாடிக்கு 30,000 பல்ஸ் வரை வரும். என் ஸ்க்ரூவுக்கு மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ், கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 5,600 மில்லிமீட்டர். தேக்கு வெட்ட அது தாராளம். யாரிடம் வாங்கினாலும் உங்கள் கம்ப்யூட்டரில், உங்களுடைய பெரிய ஃபைல் முழுசாக ஓடி முடிந்த பிறகு மீதியைக் கொடுங்கள். வட்டம், சதுரம் எல்லாம் கணக்கில் சேராது.

என் நம்பரை அவர் இப்போது எடுப்பதில்லை. போன வாரம் மச்சான் தன் போனிலிருந்து கூப்பிட்டு, கிட் வேணும், ஆனா லேப்டாப்தான் இருக்கு என்று சொல்லிப் பார்த்தான்.

"அது ஒரு விஷயமே இல்ல சார், கேபிள் ஃப்ரீயா தரேன்."