பெருத்த உடம்புக்கு உடற்பயிற்சி உடை: தி.நகரா, பெரியமேடா?

எங்கள் உடற்பயிற்சி வகுப்பில் சேருகிற எல்லோரும் உடை வாங்க நேராகத் தி.நகருக்குத்தான் ஓடுகிறார்கள். மேலாடைக்கு அங்கே போக வேண்டாம், பெரியமேட்டுக்குப் போங்கள். பேண்ட்டுக்கு மட்டும் தி.நகரில் பாண்டி பஜார், அதுவும் கையில் இன்ச் டேப்போடு.

என் அளவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்து யாருக்கும் பயனில்லை. மார்பு 46, இடுப்பு 42, அதற்குக் கீழே பெருத்த இடத்தில் 50 அங்குலம். உயரம் 5 அடி 1. கொளத்தூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்கு அடியில் நடக்கிற பெண்கள் வகுப்பு. காலை 6 மணிக்கே கழுத்தெல்லாம் கசகசக்கும். முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் உண்டு, பலகை மேல் ஏறி இறங்குவது உண்டு, கடைசியில் பாயில் படுத்துக் காலைத் தூக்குவதும் உண்டு. குனிந்தாலும் படுத்தாலும் இழுத்துவிட்டுக்கொள்ளத் தேவையில்லாத துணி வேண்டும்.

சென்னை வெயிலுக்குக் காட்டன்தான் என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். வகுப்புக்கு அது சரிப்படாது. பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது; அரை மணி நேரத்தில் துணி கனத்துத் தொங்கும். ரங்கநாதன் தெருவில் குவித்து வைத்து விற்கிற காட்டன் லெக்கிங்ஸ் குர்த்திக்குள் போட்டு ஆபீஸுக்குப் போக அருமை. அதையே போட்டு ஸ்குவாட் செய்தால் முட்டியில் பை விழும், இடுப்பில் நழுவும், தொடைகள் உரசுகிற இடத்தில் ஈரமும் சேர்ந்து எரியும். பாலியெஸ்டரும், இழுத்தால் நீளுகிற ஸ்பாண்டெக்ஸ் நூலும் கலந்த துணி தண்ணீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும், உரசலும் குறைவு.

அந்தத் துணி மலிவாக வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்தான். பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடையில் வாங்கினேன். பெயர்ப் பலகைகூட ஒழுங்காக இல்லை. அமெரிக்காவுக்குத் தைத்து மிஞ்சியது என்பதால் 2எக்ஸ், 3எக்ஸ் எல்லாம் இருக்கிறது; லேபிளை மட்டும் மார்க்கரால் அடித்திருப்பார்கள். நம்மூர் டபுள் எக்ஸெல்லை விட அவர்கள் 2எக்ஸ் நல்ல அகலம். ட்ரயல் ரூம் கிடையாது, எக்ஸ்சேஞ்ச் கிடையாது. கடைப் பையன் எதை எடுத்தாலும் "ஃப்ரீ சைஸ்க்கா, இழுத்தா வரும்" என்கிறான். இழுத்தால் வரும்தான், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். துணிக்குள் கையை விட்டு, விரித்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் வைத்துவிட வேண்டியதுதான். கறுப்பு என்றால் தெரியாது என்று நினைக்காதீர்கள், மெல்லிய கறுப்பு குனிந்தால் சாம்பலாகிவிடும்.

அடுத்து இடுப்புப் பட்டை. ஒரு அங்குல எலாஸ்டிக் வைத்தது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், வயிறு உள்ளவர்களுக்கு அது சுருண்டு கீழே இறங்கும். நான்கு விரல் அகலம், இரட்டைத் துணி, உள்ளே கட்டிக்கொள்ள நாடா. கால்கள் இரண்டும் சேருகிற இடத்தில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து முட்டாமல், தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் துண்டு இல்லாத பேண்ட் முதலில் அங்கேதான் கிழியும். எனக்குக் கிடைத்தது இது எல்லாம் உள்ள ஒன்று, 350 ரூபாய். நீளம்தான் அதிகம், அமெரிக்கக்காரியின் கால். தெருமுனை டெய்லரிடம் வெட்டித் தைக்கக் கொடுக்கும்போது ஓவர்லாக் போடச் சொல்லுங்கள். சாதாரணத் தையல் துணியோடு சேர்ந்து நீளாது, முதல் நாளே பட்பட்டென்று அறுந்துவிடும்.

மேலாடைதான் எனக்குப் பெரிய பாடு. மால் கடைகளில் பெண்கள் பக்கம் 'எக்ஸெல்' என்று தொங்குவது என் மகளுக்கு வந்தால் அதிசயம். ஆண்கள் பக்கம் போனால் அகலம் சரி, தோள்பட்டை முழங்கை வரை இறங்கும். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை ஒட்டி வரிசையாக விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றனவே, கிரிக்கெட் மட்டையும் கேரம் போர்டும் வாங்க மட்டுமே அங்கே போவோம். அணிகளுக்கு ஜெர்சி தைத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். டாட் நிட் என்று கேளுங்கள், பொடிப் பொடி ஓட்டை விட்ட பாலியெஸ்டர், காற்று போகும். 4எக்ஸெல் வரை ரெடியாகவே இருந்தது, 240 ரூபாய்.

நான் போன கடையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெண்களுக்கு வேண்டும் என்றதும், "டீமாம்மா?" என்று கேட்டார். "டீம்தான், எல்லாருக்கும் அம்பது வயசு" என்றேன். சிரிக்காமல் நோட்டை எடுத்து, "பதினஞ்சு பீஸ் சொல்லுங்க, ஒவ்வொருத்தருக்கும் அளவு எழுதித் தாங்க, அதே விலைக்குத் தச்சுத் தரேன்" என்றார். தோளைக் குறைத்து, இடுப்புக்குக் கீழ் ஆறு அங்குலம் இறக்கி, இரண்டு பக்கமும் ஸ்லிட் வைக்கச் சொன்னோம். ஸ்லிட் இல்லாவிட்டால் நீள மேலாடை உட்காரும்போது மேலே ஏறி வயிற்றில் மடிந்துகொள்ளும். தைத்து வந்தது நன்றாகவே இருக்கிறது. கழுத்து மட்டும் ஆண்களுக்கு வைப்பது போலக் கொஞ்சம் இறுக்கம்.

காசைப் பார்க்கக் கூடாத ஒரே சாமான் ஸ்போர்ட்ஸ் பிரா. நாயுடு ஹால் காலத்திலிருந்தே உள்ளாடைக்கென்று தனிக் கடை தேடிப் போகிற ஊர் இது, அந்தப் பழக்கத்தை இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். தலை வழியாகப் போடுகிற மாடல் கனத்த மார்புக்கு வேண்டாம். நசுக்குமே தவிரத் தாங்காது, வேர்த்த உடம்பிலிருந்து கழற்றவும் ஆள் வேண்டும். பின்னால் கொக்கி, அகலமான தோள் பட்டை, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கிண்ணம். பாரத்தைத் தாங்குவது மார்புக்குக் கீழே சுற்றுகிற பட்டைதான், தோள் பட்டையை இறுக்கி ஒன்றும் ஆகாது. ட்ரயல் ரூமிலேயே குதித்துப் பாருங்கள். நான் குதித்தேன், வெளியே இருந்த பெண் கதவைத் தட்டி, "என்னாச்சு மேடம்?" என்றாள். 900 ரூபாய் ஆனது.

துவைப்பதற்கு ஒன்று: பாலியெஸ்டரில் வேர்வை நாற்றம் தங்கும், வீட்டுக்கு வந்ததும் அலசிவிடுங்கள், சுருட்டிப் பையில் வைக்காதீர்கள். துணி மெத்தென்று இருக்க அலசும் தண்ணீரில் விடுகிற வாசனைத் திரவத்தை ஊற்றினால் துணியில் படிந்து வேர்வை காய்வது குறையும். மாடி வெயிலில் போட்டால் ஸ்பாண்டெக்ஸ் சீக்கிரம் தளர்ந்துவிடும், நிழல் போதும்.

பெரியமேட்டுக் கடைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைந்த ஒன்று நிறத்துக்கு: கருநீலம், கறுப்பு, கால்பந்து அணி மஞ்சள், அவ்வளவுதான். மெரூன் வந்தால் போன் செய்வதாகப் பெரியவர் நம்பர் வாங்கி வைத்திருக்கிறார்.