ராட்வீலரா ராஜபாளையமா? லைசென்ஸ், கேஸ் எல்லாம் யோசிச்சு நாங்க எடுத்த முடிவு

2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பக்கம் மாநகராட்சிப் பூங்காவுல ரெண்டு ராட்வீலர் சேர்ந்து அஞ்சு வயசுப் பொண்ணைக் கடிச்சதே, அந்தச் செய்தி வந்தப்போ எங்க வீட்டுல ராட்வீலர் குட்டிக்கு அட்வான்ஸ் குடுக்கறதா பேசி முடிச்சிருந்தோம். மடிப்பாக்கத்துல தனி வீடு, பகல் பூரா அம்மா மட்டும்தான் இருப்பாங்க, அதனால நல்ல பெரிய நாயா வேணும்னு இருந்தோம். நாயோட சொந்தக்காரரைக் கைது பண்ணிட்டாங்கன்னு படிச்சதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சாயங்காலம் நாயைக் கூட்டிட்டுப் போறது நான்தானே, அப்போ என்னையும் புடிப்பாங்களாடா?" பதில் தெரியல எனக்கு. அதுக்கப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சு, கடைசில ராஜபாளையம் வாங்கினோம்.

ராட்வீலர் அனுபவம் எனக்குக் கம்மின்னு முதல்லயே சொல்லிடறேன். அக்கா வீட்டுல ஒண்ணு இருக்கு, அவங்க ஊருக்குப் போனப்போ மூணு வாரம் நான் பார்த்துக்கிட்டேன், அவ்ளோதான். ஆனா அந்த மூணு வாரத்துலயே ஒண்ணு புரிஞ்சுது, சொன்ன பேச்சைக் கேக்கறதுல ராஜபாளையம் அது கிட்ட கூட வர முடியாது. உக்காருன்னா உக்காரும், கூப்பிட்டா திரும்பி வரும். எங்க வெள்ளையன் பூனையைப் பாத்துட்டான்னா அவனுக்கு என் குரலே காதுல விழாது. வேட்டை நாய் வம்சம், ஓடறதுக்குன்னே பொறந்த உடம்பு. சாப்பாடு, தடுப்பூசி, டாக்டர் செலவு இதெல்லாம் எந்தப் பெரிய நாய்க்கும் ஒண்ணுதான்.

பேப்பர் வேலைல ஆரம்பத்துல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. சென்னை மாநகராட்சி லைசென்ஸ் ஆன்லைன்ல எடுக்கலாம், நான் எடுத்தப்போ வருஷத்துக்கு 50 ரூபா, ரேபிஸ் ஊசி போட்ட சர்டிஃபிகேட் கட்டாயம். இப்போ தோலுக்கடில மைக்ரோசிப்பும் வைக்கச் சொல்றாங்க, லைசென்ஸ் இல்லாம மாட்டினா 5000 ரூபா அபராதம். வித்தியாசம் வர்றது அதுக்கப்புறம்தான். 2024 மார்ச்ல மத்திய அரசு 23 இனத்தைத் தடை பண்ணச் சொல்லி மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புச்சு, ராட்வீலர் அந்த லிஸ்ட்ல இருக்கு. ஏப்ரல்ல கர்நாடகா ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. மே மாசம் நம்ம ஊர்லயும் ஒரு தடை உத்தரவு வந்து வந்த வேகத்துல வாபஸ் ஆச்சு. அப்புறம் 2025 டிசம்பர்ல சென்னை மாநகராட்சி பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனி புது லைசென்ஸ் கிடையாதுன்னு முடிவு பண்ணிடுச்சு, ஏற்கெனவே வச்சிருக்கறவங்க வெளிய கூட்டிட்டுப் போனா பெல்ட்டும் வாய்க்கவசமும் போட்டே ஆகணும். குட்டியா வாங்கின நாய் பத்து வருஷம் நம்மளோட இருக்கப் போகுது, அதுக்கான ரூல் ரெண்டு வருஷத்துல இத்தனை தடவை மாறுச்சு. ராஜபாளையம் இந்த லிஸ்ட் எதுலயும் வரல, சைதாப்பேட்டைல அரசே நாட்டு நாய்க்குன்னு முன்னாடி இனவிருத்திப் பிரிவு வச்சிருந்துச்சு.

ஆனா தடைக்குப் பயந்து நான் முடிவெடுக்கல. என்னை உலுக்கினது வேற ஒண்ணு. இப்போ இருக்கற தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால பிரிவு 291, பழைய ஐபிசில 289. உன் வசம் இருக்கற மிருகத்தால மனுஷ உயிருக்கோ பெரிய காயத்துக்கோ ஆபத்து வர வாய்ப்பு இருக்குன்னா, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு பண்ணாம அலட்சியமா இருந்தா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். இதுல எந்த இனம்னு ஒரு வார்த்தை கூட இல்ல. சொந்தக்காரர்னும் இல்ல, 'வசம்'னுதான் இருக்கு, அதாவது அந்த நேரத்துல பெல்ட்டைப் புடிச்சிருக்கறவங்களும் வரலாம். அம்மா கேட்ட கேள்விக்கு பதில் அதுதான். யாராவது செத்துட்டா அலட்சியத்தால மரணம்னு பிரிவு 106, அஞ்சு வருஷம் வரைக்கும்.

'வாய்ப்பு இருக்கு', 'போதுமான ஏற்பாடு' இந்த ரெண்டு வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். ராட்வீலரைப் பத்தி இவ்ளோ செய்தி வந்தப்புறம் அதை வச்சிருக்கற யாரும் இப்படி ஆகும்னு எதிர்பார்க்கலன்னு சொன்னா எடுபடாதுன்னு எனக்குப் பட்டுது. ஏற்பாடுன்னு பாத்தா, ஆண் ராட்வீலர் 50 கிலோவைத் தாண்டும், எங்க அம்மா 52 கிலோ. அது இழுத்தா அவங்க என்ன பண்ணுவாங்க? எவ்ளோ பழக்கினாலும் ஒரு நாள் இழுக்கும். வெள்ளையன் உயரம் அதிகம், ஆனா 27 கிலோதான், இழுத்தா அம்மாவுக்கு உள்ளங்கை எரியும், ஆனா புடிச்சிடறாங்க.

ராஜபாளையம்னா கவலை இல்லன்னு யாரும் எடுத்துக்க வேணாம். போன வருஷம் தண்ணி கேன் போடற தம்பி வந்தப்போ கேட் கொக்கி சரியா விழல, வெள்ளையன் ஒரே தாவுல ரெண்டு காலையும் அவன் நெஞ்சுல வச்சுட்டான். தம்பி மல்லாக்க விழுந்து, கேன் உடைஞ்சு, வாசல் பூரா தண்ணி, மணிக்கட்டுல பல்லு உரசின கோடு ஒண்ணு. ரத்தம் வரல. ஓடற தண்ணில சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டோம், மூணாவது நாள் ஊசிக்கும் நானே வண்டில கூட்டிட்டுப் போனேன், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் குடுத்தேன். அந்தப் பையன் கேஸ் குடுத்திருந்தா 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு என்னைக் காப்பாத்தியிருக்காது, தப்பு என் கேட் கொக்கில இருந்துச்சு. அன்னைலருந்து எனக்கும் 'எதிர்பார்க்கல'ங்கற பேச்சு போச்சு. இப்போ உள்பக்கம் இன்னொரு கேட் போட்டிருக்கோம், வெளி கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி அது பூட்டியிருக்கணும், காம்பவுண்ட் சுவரையும் ரெண்டு அடி ஏத்தினோம், ஏன்னா இவன் நின்ன இடத்துலருந்தே தாண்டுவான். ராட்வீலர் சுவர் தாண்டறது அபூர்வம், அந்தச் செலவு அவங்களுக்கு மிச்சம்.

எதுக்கு இவ்ளோ, சங்கிலில கட்டி வச்சிட்டா போச்சேன்னு கேட்டவங்க உண்டு. 1960 மிருகவதைச் சட்டம் பிரிவு 11ல, எப்பவும் கட்டியே வச்சிருக்கற நாயை நடக்க வைக்காம விட்டா அதுவே குற்றம். வெளிய விட்டா ஒரு சட்டம், கட்டிப் போட்டா இன்னொரு சட்டம், ஆக தினமும் யாரோ ஒருத்தர் கையில புடிச்சுக் கூட்டிட்டுப் போய்த்தான் ஆகணும். அந்தக் கை யாரோடதுன்னு பாத்து நாயை எடுங்க. வீட்டுல வாட்டசாட்டமா ஒரு ஆள் காலைலயும் சாயங்காலமும் தவறாம இருப்பார்னா, மாநகராட்சி எல்லைக்கு வெளிய இருந்தீங்கன்னா, ராட்வீலர் மோசமான நாய் இல்ல, நான் பாத்த அந்த ஒண்ணு தங்கம்.

அக்கா வீட்டுக்காரர் மாசத்துல பத்து நாள் வெளியூர்ல இருப்பார். அந்தப் பத்து நாளும் அதை வெளிய கூட்டிட்டுப் போக அக்காவால முடியறதில்ல, மாடிலயே சுத்திட்டு இருக்கும். போன வாரம் ஃபோன் பண்ணி சாயங்காலம் வந்து போறியாடான்னு கேட்டாங்க. லைசென்ஸ் ரினியூ பண்ணியாச்சான்னு கேட்டுட்டு, வாய்க்கவசம் வாங்கிட்டுப் போனேன்.