மீன் உடம்பில் வெள்ளைத் தடம்: நீல மருந்தா, தனி வாளியா?

போன வருடம் எங்கள் கோல்டுஃபிஷ்ஷின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். வெள்ளைப்புள்ளி நோய் என்று பதறி, மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை நேராகத் தொட்டியிலேயே ஊற்றினேன். அது நோயே இல்லை, ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வரும் பரு என்று பிறகுதான் தெரிந்தது. செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும்தான் அது வரும். நோய் என்றால் வால், முதுகு என்று கண்ட இடத்திலும் உப்பைத் தூவியது போலிருக்கும், மீனும் கல்லில் உரசிக்கொண்டே திரியும்.

இந்த வருடம் இன்னொரு மீனுக்கு இடது விலாவில் மூன்று செதில் காணோம். இந்த முறை மருந்து இல்லை, மீனை உப்புத் தண்ணீர் வாளியில் தனியாக விட்டேன்.

மருந்து சுலபம், மீனைப் பிடிக்க வேண்டாம். உண்மையிலேயே வெள்ளைப்புள்ளி என்றால் தொட்டி முழுக்கத்தான் வைத்தியம் செய்ய வேண்டும். ஒட்டுண்ணி மீன் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து எட்டாது, உதிர்ந்து பெருகி, நீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். அந்த வகையில் மருந்துக்குத்தான் ஓட்டு.

மற்றதற்கெல்லாம் வாளிதான். காரணம் ஃபில்டர். மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. மெத்திலீன் ப்ளூ அதையும் கொல்லும். எனக்கு அதுதான் நடந்தது. நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, துடுப்பில் சிவப்புக் கோடுகள். இல்லாத நோய்க்கு மருந்து போட்டு நானே ஒரு நோயை வரவழைத்தேன். வேலூர் வெயிலில் இது இன்னும் மோசம். தண்ணீர் சூடாக ஆக்ஸிஜன் குறையும், அம்மோனியாவின் விஷமும் ஏறும். ஃபில்டர் பழையபடி ஆகும்வரை தினமும் தண்ணீர் மாற்றினேன். தொட்டியின் சிலிக்கான் ஓரம் இன்னும் நீலம்தான்.

வாளி என்றால் வெள்ளை வாளி. 15 லிட்டர் தண்ணீர், பாதி அதே தொட்டியிலிருந்து, மீதி ஒரு நாள் திறந்து வைத்த, குழாயில் வரும் காவிரித் தண்ணீர். கல் உப்பு லிட்டருக்கு 2 கிராம், கரைத்து ஊற்ற வேண்டும். காற்றுக் குமிழி விட ஏர் ஸ்டோன், மேலே கொசுவலைத் துணி. வேலை அதிகம்தான், தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றணும், மாற்றிய தண்ணீருக்கு மட்டும் உப்பு.

ஆனால் மீனைப் பார்க்க முடிகிறது. காயம் என்றால் ஒரு பக்கம் மட்டும், ஓரம் தெளிவாக, நாளாக நாளாகப் பரவாமல் இருக்கும். எங்கள் மீனுக்கு ஐந்தாம் நாள் ஓரத்தில் கறுப்பு படிந்தது. கோல்டுஃபிஷ்ஷில் அது பெரும்பாலும் ஆறுகிற அடையாளம். பஞ்சு போல் முளைத்தால் பூஞ்சை, அப்போது அதே வாளியில் நீல மருந்து விடலாம், கெடுவதற்கு அங்கே ஃபில்டர் இல்லையே!

குழி விழுந்த புண்ணை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், அந்த மீன் பிழைக்கவில்லை. அதற்கு உப்பை நம்பச் சொல்ல மாட்டேன். கெளுத்தி வகைக்கும் இந்த அளவு உப்பைச் சொல்ல மாட்டேன், நான் வளர்த்தது கோல்டுஃபிஷ் மட்டும்தான்.

பத்தாம் நாள் மீனைத் தொட்டிக்குத் திருப்பும் முன், உள்ளே இருந்த பிளாஸ்டிக் கோட்டையின் வாசலில் விரலை ஓட்டிப் பார்த்தேன். கீறியது. அது இப்போது மொட்டை மாடித் துளசிக்குக் காவல்.